திரிந்த பாலில் தொடங்கிய தேடல்

தாப்பாவிலிருந்து பழைய சாலை வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுபவர்கள் முதலில் காணும் ஊர் ரிங்லெட். அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில்தான் நான் வளர்ந்தேன். பனி விலகாத காலையில் மாடு வைத்திருந்தவர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் பால் வரும். என் பாட்டி அதை அப்படியே அடுப்பில் ஏற்றிவிட மாட்டார். அவரிடம் மூன்று சோதனைகள் இருந்தன.

முதலில் கண். சட்டியை மெல்லச் சாய்த்துப் பார்ப்பார். பக்கச் சுவரில் பால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பொடிப்பொடியாக ஏதாவது ஒட்டி நின்றால் சந்தேகம். இரண்டாவது மூக்கு. மூடியைத் திறந்த அந்த நொடியிலேயே முகர்வார். தாமதித்தால் வாடை காற்றோடு போய்விடும் என்பது அவர் கணக்கு. மூன்றாவது நாக்கு. புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நுனி நாக்கால் தொட்டுப் பார்ப்பார். மூன்றிலும் தெளிவு பிறக்காவிட்டால், ஒரு கரண்டிப் பாலைத் தனியே காய்ச்சுவார். அது திரிந்தால் மொத்தப் பாலும் சர்க்கரை சேர்த்துக் கிண்டப்படும். அன்று பிள்ளைகளான எங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

பாட்டியின் மூக்கு தவறியதாக எங்கள் லயத்தில் யாரும் சொன்னதில்லை. எனக்குப் பத்து வயதான ஆண்டில்தான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அடுப்படியில் இருந்த பச்சைப் பாலைக் காய்ச்சுவதற்கு முன்பே எடுத்துக் குடிக்கும் பழக்கம் என் தம்பிக்கு இருந்தது. ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நாளுக்கு நாள் ஏறியது. மலையிலிருந்து கீழே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டைபாய்டு என்றார்கள். கெட்டது பாலா, தண்ணீரா, வேறு எதுவுமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் கழித்து அவன் மெலிந்து வீடு திரும்பினான். பாட்டி மட்டும் பல நாள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாடை சரியாக இருந்தது, ருசி சரியாக இருந்தது, பிறகு எப்படி?

அந்தக் கேள்விக்குரிய விடை, படிவம் 3 படித்தபோது ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றில் எனக்குக் கிடைத்தது. அவர் பெயர் லூயி பாஸ்டர். இன்று பால் பெட்டிகளின் மேல் நாம் காணும் ‘பாஸ்டரைஸ்’ என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது. அவர் இறந்து 100 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எனினும் அவர் வாழ்க்கையை மாணவர்கள் ஒருமுறையாவது முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

தோல் வாடையில் வளர்ந்த பிள்ளை

பிரான்சு நாட்டின் கிழக்கே, ஜூரா மலைப் பகுதியிலுள்ள டோல் என்ற ஊரில் 1822 டிசம்பர் 27ஆம் நாள் பாஸ்டர் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. நெப்போலியனின் படையில் சார்ஜெண்டாக இருந்து திரும்பியவர். குடும்பம் பின்னர் ஆர்புவா என்ற சிற்றூரில் குடியேறியது. ஊறவைத்த தோல், மரப்பட்டை ஆகியவற்றின் வாடை எந்நேரமும் வீசும் வீடு அது.

பள்ளியில் அவர் சுமாரான மாணவர். படம் வரைவதில்தான் கெட்டிக்காரர். பெற்றோரையும் ஊர்க்காரர்களையும் அவர் வண்ணக்கோலால் தீட்டிய ஓவியங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 15 வயதில் மேற்படிப்புக்காக அவரைப் பாரிசுக்கு அனுப்பினார்கள். வீட்டு ஏக்கம் அவரைப் படுத்திவிட்டது. தந்தையின் தோல் தொட்டியின் வாடையை ஒரு தடவை முகர்ந்தால் போதும், உடம்பு தேறிவிடும் என்று நண்பரிடம் புலம்பினாராம். சில வாரங்களிலேயே தந்தை வந்து ஊருக்கு அழைத்துப் போனார். நாற்றம் என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்தும் ஒன்று, அதில் வளர்ந்தவருக்கு வீடு. நம் மூக்கு சொல்வதில் பாதி நம் பழக்கம் என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி காட்டுகிறது.

1842இல் அவர் எழுதிய பட்டப் புகுமுகத் தேர்வில் வேதியியலுக்குக் கிடைத்த மதிப்பீடு, சுமார் என்பதுதான். அதே ஆண்டு பாரிசின் புகழ்பெற்ற எக்கோல் நோர்மால் கல்லூரிக்கு இடம் கிடைத்தும் அவர் சேரவில்லை. தேர்ச்சிப் பட்டியலில் தம் பெயர் மிகவும் கீழே இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னோர் ஆண்டு படித்து, 1843இல் முன்வரிசையில் தேறி உள்ளே நுழைந்தார். எஸ்.பி.எம். முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லை என்று சோர்ந்திருக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உற்றுப் பார்ப்பதே முதல் பாடம்

25 வயதில், 1848இல், அவர் செய்த முதல் கண்டுபிடிப்பு படிகங்களைப் பற்றியது. திராட்சைச் சாராயத் தொழிலில் கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தின் ஒரு வகை, ஒளியை எந்தப் பக்கமும் திருப்பாமல் இருந்தது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. பாஸ்டர் அதன் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியில் பொறுமையாகப் பார்த்தார். அவற்றில் இரண்டு வகை இருந்தன. நம் வலக்கையும் இடக்கையும்போல ஒன்றுக்கொன்று கண்ணாடி உருவமாக இருந்தன. அவற்றைக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம் திருப்பியது. இரண்டும் கலந்திருந்ததால்தான் ஒன்றை மற்றொன்று சமன்செய்திருந்தது.

1849இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மரீ லோரான் என்பவரை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்புகளை எழுதி வைத்தவர் இவர். பாஸ்டரின் பணியில் இந்த அம்மையாரின் பங்கு சிறிதன்று.

புளித்த பாலில் சாம்பல் நிறப் பொடி

1854இல் லீல் நகரின் அறிவியல் கல்லூரிக்குத் தலைவராகச் சென்றார். அது தொழில் நகரம். பீட்ரூட் சாற்றைப் புளிக்கவைத்துச் சாராயம் வடித்த ஆலை முதலாளி ஒருவர் 1856இல் அவரிடம் முறையிட்டார். சில தொட்டிகளில் சாராயத்துக்குப் பதிலாகப் புளிப்புதான் மிஞ்சுகிறது, காரணம் தெரியவில்லை என்றார். பாஸ்டர் ஆலைக்கே போய், தொட்டிகளிலிருந்து துளி எடுத்து உருப்பெருக்கியில் பார்க்கத் தொடங்கினார்.

அங்கிருந்து அவர் கவனம் புளித்த பாலுக்குப் போனது. பால் ஏன் புளிக்கிறது? பாலிலுள்ள சர்க்கரை அமிலமாக மாறுவதால். இது அப்போதே தெரிந்த செய்தி. புளித்த பாலில் உள்ள அமிலத்தை 1780இலேயே ஷீலே என்ற வேதியியலார் பிரித்திருந்தார். அதுதான் லாக்டிக் அமிலம். ஆனால் சர்க்கரையை அமிலமாக மாற்றுவது எது? அழுகும் பொருள்கள் தாமாகச் சிதைவதால் நடக்கும் வெறும் வேதிமாற்றம் என்றே ஜெர்மானிய மேதை லீபிக் போன்றவர்கள் கருதினார்கள். உயிருக்கு அதில் வேலை இல்லை என்பது அவர்கள் கொள்கை.

புளிப்பு நடந்த கலவையின் அடியில் படிந்திருந்த சாம்பல் நிறப் பொருளை மற்றவர்கள் கழிவு என்று ஒதுக்கியிருந்தார்கள். பாஸ்டர் அதைத்தான் எடுத்தார். உருப்பெருக்கியில் அது மிகச் சிறிய உருண்டைகளாகத் தெரிந்தது. சாராயத்தைப் புளிக்கவைக்கும் ஈஸ்டைவிட மிகச் சிறியவை. சர்க்கரையும் சத்துச் சாறும் சுண்ணாம்புப் பொடியும் கலந்த தெளிந்த நீரில் அதில் துளியளவு விட்டார். மறுநாள் நீர் கலங்கியது, குமிழ் விட்டது. சுண்ணாம்புப் பொடி கரைந்தது. அடியில் அதே சாம்பல் பொடி பெருகிக் கிடந்தது. அதிலிருந்து துளி எடுத்து அடுத்த குடுவையில் விட்டால் அங்கும் அதே நிகழ்ந்தது.

நம் வீட்டில் உறைமோர் ஊற்றித் தயிர் தோய்ப்பதை நினைத்துப் பாருங்கள். நேற்றைய மோரில் ஒரு கரண்டி இன்றைய பாலைத் தயிராக்கும், இன்றைய தயிர் நாளைய பாலை ஆக்கும். நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவந்தது இதுதான். அதற்குள் இருப்பது உயிருள்ள ஒன்று, அது உண்டு பெருகுகிறது, அதன் வேலைதான் புளிப்பு என்று 1857இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர் பாஸ்டர். ஒவ்வொரு வகைப் புளிப்புக்கும் ஒவ்வொரு வகை நுண்ணுயிர் என்ற எண்ணமும் அதில் பிறந்தது. பின்னாளில் ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு கிருமி என்ற முடிவுக்கு வழி திறந்தது இந்தச் சிந்தனையே.

இங்கே தேயிலை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்றுமுதல் இன்றுவரை தேயிலை ஆலைகளில் உருட்டிய இலையைப் பரப்பிவைக்கும் கட்டத்தைப் புளிக்கவைத்தல் என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். உண்மையில் அங்கே நுண்ணுயிருக்கு முக்கிய வேலை இல்லை. இலைக்குள் இருக்கும் நொதியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து பச்சையைச் செம்பாக்குகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் நிகழ்வது வேறு. பாஸ்டர் கேட்ட கேள்வியைக் கேட்டால்தான் இந்த வேறுபாடு புலப்படும்.

மலையேறிய குடுவைகள்

நுண்ணுயிர் பாலுக்குள் எப்படி வருகிறது? தானாக உண்டாகிறது என்று ஒரு கட்சி வாதாடியது. காற்றிலுள்ள தூசியோடு வருகிறது என்றார் பாஸ்டர். அன்னத்தின் கழுத்துபோல் வளைந்த நீண்ட குழாய் கொண்ட குடுவைகளைச் செய்தார். அவற்றில் சத்து நீரைக் கொதிக்கவைத்து விட்டுவிட்டார். காற்று உள்ளே போகலாம், ஆனால் தூசி வளைவிலேயே தங்கிவிடும். நீர் கெடவில்லை. குடுவையைச் சாய்த்து நீர் வளைவைத் தொடும்படி செய்தால் சில நாளில் கெட்டது.

1860இல் அவர் இன்னொரு காரியம் செய்தார். சத்து நீரைக் கொதிக்கவைத்து வாய் அடைத்த குடுவைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். ஜூரா அடிவாரத்தில் 20 குடுவைகளைத் திறந்து, காற்றை உள்ளே விட்டு மீண்டும் அடைத்தார். 850 மீட்டர் உயரத்தில் 20. ஆல்ப்ஸ் மலையில் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், பனியாற்றின் அருகே 20. அடிவாரத்தில் திறந்தவற்றில் 8 கெட்டன. நடுமலையில் 5. பனியாற்றின் அருகே 1 மட்டுமே. தூசி குறைந்த இடத்தில் கிருமியும் குறைவு.

ரிங்லெட் 1,100 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. கீழே தாப்பாவில் கெடும் பால் எங்கள் ஊரில் இன்னும் சிறிது நேரம் தாங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குக் காரணம் பாஸ்டரின் குடுவைக்குச் சொன்ன காரணம் அன்று. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுகின்றன, அவ்வளவுதான். மாட்டின் மடியிலும் கறப்பவர் கையிலும் சட்டியிலும் ஒட்டியிருப்பவை மலையிலும் இருக்கத்தான் செய்கின்றன. குளிர் அவற்றைத் தாமதப்படுத்தும், கொல்லாது. வீட்டுக் குளிர்பெட்டிக்கும் இதே விதிதான்.

அந்த ஆய்வுகளில் பாஸ்டரைத் திகைக்கவைத்ததும் பால்தான். மற்ற நீர்களை 100 பாகைக்குக் கொதிக்கவைத்தால் போதும், கெடவில்லை. பாலை அப்படிக் கொதிக்கவைத்து அடைத்தபோதும் சில நாளில் அது திரிந்தது. வியப்பு என்னவென்றால் அது புளிக்கவில்லை. புளிப்பில்லாமலே கட்டியானது. அழுத்தம் கொடுத்து 110 பாகைக்குச் சூடேற்றிய பிறகுதான் பால் அப்படியே நின்றது. கொதிநீரையும் தாங்கும் உறையணிந்த வித்துகள் சில நுண்ணுயிர்களுக்கு உண்டு என்பது பின்னர் தெளிவானது. புளிப்பை மட்டும் தேடும் நாக்கு இந்தப் பாலைத் தவறவிடும்.

நாக்கும் உருப்பெருக்கியும்

1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி, ஏற்றுமதியில் கெட்டுப்போகும் திராட்சை மதுவை ஆராயத் தொடங்கினார். மதுவின் ஒவ்வொரு கேட்டுக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர் இருந்தது. புளிப்பு, கசப்பு, நூல் விடும் பிசுபிசுப்பு என்று சுவைப்பவர்கள் பிரித்துச் சொன்னவற்றை அவர் உருப்பெருக்கியில் உருவங்களாகக் கண்டார். மதுவை 50 முதல் 60 பாகை வரை சிறிது நேரம் சூடாக்கினால் அவை மடிந்தன. இந்த முறைக்கு 1865இல் காப்புரிமை பெற்றார்.

சூடாக்கினால் ருசி கெட்டுவிடும் என்று வணிகர்கள் எதிர்த்தார்கள். தேர்ந்த சுவைஞர்கள் குழு ஒன்று சூடாக்கிய மதுவையும் சூடாக்காத மதுவையும் ஒப்பிட்டது. இடையில் பாஸ்டர் ஒரு குறும்பு செய்தார். ஒரே மதுவை இரண்டு கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார். அதிலும் அவர்கள் வேறுபாடு கண்டார்கள். நாக்கு பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் எதிர்பார்ப்பதை அது கேட்டுக்கொள்கிறது.

1871இல் லண்டனில் விட்பிரட் என்ற பெரிய பீர் ஆலைக்குப் போனார். அங்கே பயன்பட்ட ஈஸ்டை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, இதில் வேண்டாத உயிர்கள் கலந்திருக்கின்றன, இந்தப் பீரின் தரம் சரியிருக்காது என்றார். ஆலையினர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார்கள். புதிய ஈஸ்டுக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்களாம். சில நாளில் அந்த ஆலை ஓர் உருப்பெருக்கியை வாங்கிவிட்டது.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பாஸ்டர் தம் முறையை மதுவுக்கும் பீருக்கும்தான் வகுத்தார். குழந்தைகளுக்கான பாலைப் புட்டியிலிட்டுச் சூடாக்கும் முறையை 1886இல் பரிந்துரைத்தவர் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் வான் சோக்ஸ்லெட். பால் பெட்டியில் பெயர் ஒருவருடையது, உழைப்பு பலருடையது.

வீட்டுக்குள் வந்த நோய்

இந்த வெற்றிகளுக்கு நடுவே அவர் வீடு இருண்டு கிடந்தது. 1859இல் மூத்த மகள் ஜான், 9 வயதில், டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். 1865இல் தந்தை மறைந்தார். அதே ஆண்டு 2 வயது மகள் கமீல் இறந்தாள். மறு ஆண்டு 12 வயது மகள் செசீலை மீண்டும் டைபாய்டு கொண்டுபோனது. ஐந்து பிள்ளைகளில் மிஞ்சியவர்கள் இருவர். இந்தப் பக்கத்தை முதன்முதலில் படித்தபோது என் தம்பி மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த கோலம்தான் கண்முன் வந்தது. நுண்ணுயிரை உலகுக்குக் காட்டியவராலும் தம் பிள்ளைகளை அதனிடமிருந்து காக்க முடியவில்லை. டைபாய்டின் கிருமி அப்போது கண்டுபிடிக்கப்பட்டிருக்கவே இல்லை.

தெற்குப் பிரான்சில் பட்டுப்புழுக்களை அழித்த நோயை அவர் ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1868 அக்டோபர் 19ஆம் நாள் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. வயது 45. இடப்பக்கம் முழுதும் செயலிழந்தது. பின்னர் நடக்கத் தேறினாலும் இடக்கை கடைசிவரை சரியாகவில்லை. அவர் உலகப்புகழ் பெற்ற தடுப்பூசிப் பணிகள் எல்லாம் இதற்குப் பிறகு நடந்தவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

1881இல் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் பொதுமக்கள் பார்க்க ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியைச் சோதித்தார். 24 ஆடுகளுக்குத் தடுப்பூசி, 24 ஆடுகளுக்கு இல்லை. பிறகு எல்லாவற்றுக்கும் நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2ஆம் நாள் கூட்டம் வந்து பார்த்தபோது தடுப்பூசி போட்டவை நின்றுகொண்டிருந்தன. போடாதவை அன்று மாலைக்குள் மடிந்துவிட்டன.

அவர் குறையில்லாத மனிதர் அல்லர். அவருடைய ஆய்வேடுகள் நெடுங்காலம் குடும்பத்தாரிடம் பூட்டிக்கிடந்தன. அவை வெளிவந்த பிறகு வரலாற்றாய்வாளர் ஜெரால்ட் கீசன் 1995இல் ஒரு நூல் எழுதினார். அன்று பயன்பட்ட தடுப்பூசி, பாஸ்டர் வெளியே தோன்றச் செய்த முறையில் அன்றி, உதவியாளர் ஷாம்பர்லான் உருவாக்கிய வேதிப்பொருள் முறையில் செய்யப்பட்டது என்பதை அது காட்டியது. பெரிய அறிவியலாளரையும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

1885 ஜூலை 6ஆம் நாள் வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரை அவனுடைய தாய் பாரிசுக்கு அழைத்து வந்தார். பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால் வேறு மருத்துவர் ஊசி போட்டார். மொத்தம் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். நம் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தை அளக்க வந்ததும் இதே 1885ஆம் ஆண்டில்தான்.

1888இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் 1907இல், தமிழகத்தின் நீலகிரியில், நம்மைப்போலவே தேயிலை விளையும் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து தயாரிப்பில் அது பல்லாண்டு புகழ்பெற்று விளங்கியது.

பாட்டியின் கேள்விக்கு விடை

இப்போது பாட்டியின் மூன்று சோதனைகளுக்கு வருவோம். அவை தவறானவையா? இல்லை. பால் சேகரிக்கும் நிலையங்களில் இன்றும் முதல் சோதனை அதுதான். கேனின் மூடியைத் திறந்தவுடன் முகர்வார்கள், நிறத்தையும் மிதப்பதையும் பார்ப்பார்கள். ஒரு கரண்டியைக் காய்ச்சிப் பார்ப்பதும் முறையான சோதனையே. நல்ல பாலின் பி.எச். அளவு 6.6 முதல் 6.7 வரை. நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்கும்போது அது இறங்குகிறது. 4.6ஐ எட்டும்போது பாலின் கேசின் புரதம் சூடில்லாமலே கட்டியாகும். அதற்கு முன்பே, இலேசான புளிப்பிலேயே, சூடுபட்டால் பால் திரிந்துவிடும். நாக்கு தயங்கும் பாலை அடுப்பு காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

குளிர்பெட்டியில் நெடுநாள் இருந்த பால் புளிக்காமல் கசக்கலாம். குளிரில் வளரும் வேறு நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைப்பது அதற்குக் காரணம். வெயிலில் வைத்த பாலில் அட்டைப் பெட்டி வாடை வீசும். அது கிருமியால் அன்று, ஒளியால். மாடு தின்ற தழையின் வாடையும் பாலில் ஏறும். ஆக, மூக்கு பல செய்திகளைச் சொல்கிறது.

ஆனால் அது சொல்லாதது ஒன்று உண்டு. பாலைக் கெடுக்கும் நுண்ணுயிர் வேறு, ஆளைக் கெடுக்கும் நுண்ணுயிர் வேறு. காசநோய், புருசெல்லா, டைபாய்டு ஆகியவற்றின் கிருமிகள் பாலில் இருந்தாலும் அதன் வாடையோ நிறமோ ருசியோ மாறவேண்டியதில்லை. புளித்த பால் நம்மை எச்சரிக்கிறது. கிருமியுள்ள நல்ல பால் எச்சரிப்பதில்லை. பாட்டியின் மூக்கு தவறவில்லை. அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியை நாங்கள் கேட்டுவிட்டோம்.

இதற்குத்தான் சூடு. 63 பாகையில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 நொடி. பாலைப் பாஸ்டரைஸ் செய்வது இவ்வளவே. நோய்க்கிருமிகள் மடிகின்றன, ஆனால் எல்லா நுண்ணுயிரும் மடிவதில்லை. அதனால்தான் அந்தப் பாலையும் குளிரில் வைக்க வேண்டியிருக்கிறது. மாட்டிலிருந்து நேரே வரும் பாலென்றால் பொங்கக் காய்ச்சுவதே வழி. பால் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மூக்கு. பாதுகாப்பாக இருப்பதற்கு அடுப்பு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இதை நான் படித்துவிட்டு வந்து சொன்னபோது பாட்டி அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பால் பொங்கி இறங்கும் வரை அந்தச் சட்டியின் பக்கம் யார் கையும் போகக் கூடாது. முகர்ந்து பார்ப்பதை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. விடவேண்டிய தேவையும் இல்லை.

பாஸ்டரின் 70ஆம் பிறந்தநாளை 1892இல் பாரிசு நகரம் பெருவிழாவாகக் கொண்டாடியது. அவர் கருத்தைப் பின்பற்றி அறுவை சிகிச்சையில் கிருமி நீக்கும் முறையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர் இங்கிலாந்திலிருந்து வந்து வாழ்த்தினார். இந்த லிஸ்டர்தான் பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரைத் தனியே பிரித்துக் காட்டியவரும் ஆவார்.

அதன் பிறகு பாஸ்டரின் உடல் மெல்லத் தளர்ந்தது. 1895 செப்டம்பர் 27ஆம் நாள், பாரிசுக்கு அருகிலுள்ள மார்ன் என்ற ஊரில், படுக்கையிலிருந்த அவருக்கு ஒரு கோப்பை பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். தம்மால் முடியவில்லை என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டார். மறுநாள் மாலை உயிர் பிரிந்தது. மனைவியின் கையை ஒரு கையில் பற்றியிருந்தார்.

ரிங்லெட்டில் இன்று பெரும்பாலான வீடுகளுக்குப் பால் பெட்டியில்தான் வருகிறது. பெட்டியைத் திறந்ததும் என்னையறியாமல் ஒருமுறை முகர்கிறேன். அது பாட்டி தந்த பழக்கம். பெட்டியின் மேல் அச்சிட்ட தேதியையும் சூட்டு முறையையும் படிக்கிறேன். அது பாஸ்டர் தந்த பழக்கம். மாணவர்களே, உங்களுக்கு இரண்டும் வேண்டும். உங்கள் புலன்களைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். அவை எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது.